நீல டிக் விழாமல் மெசேஜ் வாசிக்க வழி இருக்கோ?

பரந்தன்_சந்தி:
நெல்லு வாங்கிற ஆக்கள் வாட்ஸ்அப்பில விலை அனுப்பினா, இன்னும் ரெண்டு பேரிட்டக் கேட்டுப்போட்டுத்தான் மறுமொழி சொல்லோணும். திறந்தவுடன நீலம் விழ, "பாத்திட்டியள்தானே" எண்டு கோல் வருது. ஆன்ட்ராய்டு போன், கடை மேசையில கிடக்கிறது. வாசிச்சதைக் காட்டிற 'ரீட் ரிசீட்ஸ்' தெரிவை நிப்பாட்டினாக் காணுமோ?

குளக்கட்டு:
செட்டிங்ஸ், பிரைவசி, ரீட் ரிசீட்ஸ். நிப்பாட்டினா அவை வாசிச்சதும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பின விலையை ஆள் பாத்தாரோ இல்லையோ எண்டு முழிச்சுக்கொண்டு நிக்கவேண்டியதுதான், யாவாரத்துக்கு நட்டம். குரூப்பில எப்பிடியும் நீலம் விழும். வொய்ஸ் மெசேஜ் கேட்டாலும் காட்டிக்குடுக்கும்.

அதை விட்டிட்டு, திரையை மேலயிருந்து இழுத்து நோட்டிபிகேஷனிலயே வாசியுங்கோ. ஓரத்தில இருக்கிற சின்ன அம்புக்குறியைத் தட்டினா விரியும். எழுத்தில விரல் பட்டா சாட் திறந்திடும், கதை முடிஞ்சுது. கீழ நிக்கிற 'மார்க் அஸ் ரீட்'டிலயும் கை வைக்காதேங்கோ. நீளமான மெசேஜ் முழுக்கத் தெரியாது; அதுக்கு வாட்ஸ்அப் விட்ஜெட்டை (வந்த மெசேஜைக் காட்டிற சின்னப் பெட்டி) முகப்புத்திரையில போட்டு, பெரிசாக்கி, உருட்டி வாசிக்கலாம்.

பிளைட் மோடில போட்டு வாசி எண்டு சொல்லுவினம். டேட்டா வந்தவுடன நீலம் போய்ச் சேரும். பிந்துமேயொழியத் தப்பாது.

நந்திக்கடல்:
மேசையில கிடக்கிற போன் எண்டா நீல டிக்கை விட இது பெரிய தலையிடி: பூட்டின திரையிலயே விலை தெரியும், நெல்லுக் குடுக்க வாறவரும் வாசிப்பார். போன் செட்டிங்ஸில நோட்டிபிகேஷன்ஸுக்குள்ள, பூட்டின திரையில உள்ளடக்கத்தை மறைக்கிற தெரிவைப் போடுங்கோ. கொம்பனிக்குக் கொம்பனி பேர் மாறும். பூட்டைத் திறந்தாப்பிறகு குளக்கட்டு சொன்ன மாதிரி வாசிக்கலாம்.

ஒரு சாட்டை மட்டும் பூட்டி வைக்கிற 'சாட் லொக்' போட்டால் நோட்டிபிகேஷனில விசயமே வராது, அந்த வழி அடைபட்டிடும். ஆன்ட்ராய்டு 11இல இருந்து 'நோட்டிபிகேஷன் ஹிஸ்டரி' எண்டு ஒண்டும் இருக்கு. போட்டு வைச்சா 24 மணித்தியாலத்துக்கு வந்ததெல்லாம் அதில கிடக்கும், அனுப்பினவர் அழிச்சதும்கூட. போனை வீட்டில நாலு பேர் எடுக்கிறதெண்டா நிப்பாட்டி விடுங்கோ.

பரந்தன்_சந்தி:
நல்லது. முத்தையன்கட்டில ஒருத்தருக்கு ரெண்டு நாளா ஒத்தை டிக்தான் நிக்குது. புளொக் பண்ணிட்டாரோ?

குளக்கட்டு:
ஒத்தை டிக் எண்டா போனுக்கே போய்ச் சேரேல்லை. கவரேஜ் இல்லாட்டியும், போன் நிண்டாலும், டேட்டா முடிஞ்சாலும், புளொக் பண்ணினாலும் அதேதான். எது எண்டு வாட்ஸ்அப் சொல்லாது. சாதாரண கோல் ஒண்டு எடுத்துப் பாருங்கோ.