சிவப்பு வெளிச்சத்தில் ஆமையைப் படமெடுப்பது எப்படி?

சென்னை பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் இரவு ஆமை நடைக்கு, அதாவது கரையோரம் நடந்து கடலாமைகளைத் தேடிப் பார்க்கப் போகிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறிவரும் கரை இது. வெள்ளை வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும், பாவம், அதனால் ஃபிளாஷ் பேச்சுக்கே இடமில்லை, சிவப்பு டார்ச் மட்டும்தான், அதுவும் ஆமைக்குப் பின்னாலிருந்து.

கேமரா நிக்கான் பி900. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர ஃபோகஸ் நிற்பதில்லை. பின்துடுப்பு மணலைக் கிண்ணம்போல் மடித்து அள்ளும் அழகு வெறும் சிவப்புத் திட்டாகப் பதிகிறது. மேனுவல் ஃபோகஸ் போட்டேன், திரையில் விளிம்பே தெரியவில்லை. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 6400 வைத்தால் படம் முழுக்க ஒரே புள்ளி. அப்புறம் ட்ரைபாடில் வைத்து ஷட்டரை மெதுவாக்கினேன், துடுப்பு கலங்கிவிட்டது.

ஆமைக்குத் தொந்தரவில்லாமல் இதே கேமராவில் தெளிவாக எடுக்க என்ன செட்டிங் வைக்கலாம்?