அலகு குத்தினால் ரத்தம் கொடுக்கக் கூடாதா?

காவடிப் பையன், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா:
தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து அலகு குத்திக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ரத்தம் கொடுக்கப் போனால், படிவத்தைப் பார்த்த நர்ஸ் சில மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். கன்னத்தில் தழும்புகூட இல்லை, திருநீறு வைத்ததோடு ஆறிவிட்டது. எப்படியும் எல்லா ரத்தத்தையும் சோதிக்கிறார்கள்தானே, அப்புறம் கேள்வி எதற்கு? அடுத்த தடவை 'இல்லை' என்று எழுதிவிடலாமா என்று இருக்கிறது.

லேப் அக்கா, டர்பன்:
எழுதாதே தம்பி. கிருமி உடம்புக்குள் போன அன்றே எந்தச் சோதனையிலும் தெரியாது. எச்.ஐ.வி.யை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பழைய சோதனையில் தெரிய மூன்று வாரம் ஆகும், வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனையில் ஒரு வாரம், பத்து நாளில் பிடித்துவிடலாம். ஆனால் ஊசி, வேல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இரண்டும்தான். பி வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும், சோதனையில் தெரியவும் பல வாரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியை மூடத்தான் கேள்வி. நீ கொடுக்கும் ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று பேருக்குக்கூட ஏற்றுவார்கள், அதையும் நினைத்துப் பார்.

பழைய டோனர், பீனிக்ஸ்:
அக்கா சொன்னதோடு ஒன்று. பல நாடுகளில் பத்துப் பதினைந்து பேர் ரத்தத்தைக் கலந்து நாட் செய்வார்கள், இங்கே தென்னாப்பிரிக்காவில் 2005 முதல் ஒவ்வொரு பையையும் தனித்தனியாகச் செய்கிறார்கள். அதற்கு முன்னால் ஆளின் இனத்தைப் பார்த்து ரத்தத்தை ஒதுக்கிய கூத்தும் நடந்தது, அது பெரிய சண்டையாகித்தான் நின்றது. இன்னொரு சிக்கல், எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மறைத்துக் கொடுத்தால் வைரஸ் அளவு குறைந்து நாட் சோதனையில் தெரியாமலே போகலாம். எதிர்ப்பொருள் சோதனையை இன்னும் விடாமல் வைத்திருப்பது அதனாலும்தான்.

காவடிப் பையன்:
சரி, புரிகிறது. வேல் புதுசு, நானே வாங்கிக்கொண்டு போனது, அதனால்தான் தைரியமாக இருந்தேன்.

லேப் அக்கா:
வேல் சரி. குத்தினவர் கையுறை மாற்றினாரா?

காவடிப் பையன்:
கையுறையே இல்லை அக்கா. எனக்கு முன்னால் ஒரு மாமாவுக்குக் குத்தி, அதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தார்.