வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடித்த வேலூர்க்காரர்கள் இருக்கிறீர்களா? எங்கள் கதை இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி டீச்சர்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். கோவிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார். எங்கள் வீட்டு பீரோவுக்கு நகை திரும்பி வர 2019 ஆகிவிட்டது.

2014 ஏப்ரலில் சத்துவாச்சாரியில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். கடன் 18 லட்சம், 20 வருடம், வட்டி 10.15 சதவீதம், மாதத் தவணை 17,550. என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டை சிப்காட்டில் சூப்பர்வைசர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்குக் கூட்டு வட்டி நடத்துகிறவள், வங்கியில் இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டபோது ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கவில்லை. வீடு கிடைத்ததே என்ற சந்தோஷம்.

ஒரு வருடம் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்கினேன். நாங்கள் கட்டியது 2,10,600. அசலில் குறைந்தது 29,000 சொச்சம். மீதி அத்தனையும் வட்டி. தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் மாதத் தவணையில் 15,225 வட்டி, 2,325 அசல். வங்கிக்காரர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். இருபது வருடமும் இப்படியே கட்டினால் 42 லட்சம் ஆகிறது.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை அவர் முன்னால் வைத்து, "நமக்கு இருக்கிற எல்லாக் கடனையும் எழுதுங்க" என்றேன். வீட்டுக் கடன், கூட்டுறவு வங்கியில் நகைக் கடன், வண்டிக் கடன் என்று மூன்றை எழுதினார். நான்காவதை எழுத அரை மணி நேரம் ஆனது. பத்திரப் பதிவுச் செலவுக்குப் பணம் போதாமல் தெரிந்தவர் ஒருவரிடம் ஒன்றரை லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 4,500 வட்டி மட்டும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார், அசல் அப்படியே நிற்கிறது. ஓவர்டைம் பணம் எங்கே போகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் கத்தினேன். கத்தி முடித்ததும் நோட்டை என் பக்கம் தள்ளி, "உன்னுது?" என்றார். என்னிடமும் ஒன்று இருந்தது. பள்ளியில் போட்ட ஏலச்சீட்டை நிறையத் தள்ளுபடி விட்டு ஆரம்பத்திலேயே எடுத்து, என் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு இன்னும் பதினான்கு மாதம் கட்ட வேண்டும். அடுக்களையிலிருந்து மாமியார், "இன்னா, ரெண்டு பேரும் திருடங்களாட்டம் மறைச்சிக்கினு கீறீங்க?" என்றார். அந்த வருடம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட உருப்படியான வாக்கியம் அதுதான்.

முதலில் மூணு வட்டி. அதற்கு என் ஐந்து பவுன் செயினை விற்றேன், அடகு வைக்கவில்லை. தீபாவளி போனஸையும் சேர்த்து ஒரே நாளில் அசலை அடைத்து, புரோ நோட்டைத் திருப்பி வாங்கி அங்கேயே கிழித்தோம். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலைக்கு அந்தச் செயினை நினைத்தால் வயிறு எரிகிறதுதான். ஆனால் வருடா வருடம் 36 சதவீதம் எந்தத் தங்கமும் ஏறவில்லை. அந்த 4,500 சீட்டு முடிக்கவும் வண்டிக் கடனுக்கும் போனது, அப்புறம் நகைக்கு.

2017-ல்தான் வீட்டுக் கடன் பக்கமே திரும்பினோம். கையில் 40,000 சேர்ந்ததும் கொண்டுபோய்க் கடன் கணக்கில் கட்டிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பணத்தை அடுத்த இரண்டு தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அசல் இறங்கவே இல்லை. கேட்டபோது, "நீங்க எழுதிக் கொடுக்கலையேம்மா" என்றார்கள். எழுதிக் கொடுக்கப் போனால், "ரெண்டு பர்சன்ட் அபராதம் ஆகும்" என்றார் அங்கிருந்த பையன். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனுக்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. பிறகு ஒரு கேள்வி: "தவணைத் தொகையைக் குறைக்கவா, வருஷத்தைக் குறைக்கவா?" தொகை குறைந்தால் கைக்குச் சுகமாகத்தான் இருக்கும், கடன் மட்டும் அதே 2034-ல்தான் முடியும். வருடத்தைக் குறைக்கச் சொன்னேன்.

பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மாலையில் டியூஷன், பன்னிரண்டு பிள்ளைகள், தலைக்கு 500. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடவே இல்லை. அப்புறம் மாடி அறை. வைத்தியத்துக்காக வேலூர் வரும் வங்காளக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டோம். மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை. மாமியார் அவர்கள் மொழியில் 'பாலோ, பாலோ' (நல்லது, நல்லது) என்று பேசவே பழகிவிட்டார். கொரோனாவில் அந்த அறை மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது.

கடன் வட்டியை ரெப்போவோடு, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைக்கும் முறை 2019 அக்டோபரில் வந்தது. சிறு கட்டணம் கட்டி எங்கள் கடனையும் அதற்கு மாற்றிக்கொண்டோம். வட்டி இறங்கியது, நாங்கள் 17,550-ஐ இறக்கவில்லை. ஏசி வாங்கவில்லை. வேலூர் மே மாதத்தில் அது என்னவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தோம். இதைத் தியாகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெரியவன் ஒரு நாள், "நாம ஏழையாம்மா?" என்று கேட்டான். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை.

2025 ஜனவரியில் முடித்தோம். பத்து வருடம் ஒன்பது மாதம்.

ஆம்பூர் ஷூ கம்பெனி

அக்கா, நான் உங்களுக்கு நேர் எதிர். 2018-ல் 12 லட்சம் கடன், தவணை பத்தாயிரம் சொச்சம். 2020-ல் கம்பெனி மூடினார்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று அறிவிப்பு வந்ததும் கும்பிடு போட்டுவிட்டு நிறுத்தினேன். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. ஆறு மாத வட்டி 46,000-க்கு மேல் போய் அசலில் சேர்ந்தது. தவணை அதேதான், ஆனால் கடைசித் தேதி இரண்டு வருடத்துக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு திருப்பிக் கொடுத்தது. எனக்கு வந்தது எழுநூறு சொச்சம். ஒரு கிலோ மட்டன்.

அடுத்து 2022 மே. ரெப்போ 4-லிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. வங்கி தவணையைத் தொடவில்லை, சத்தமில்லாமல் மாதத்தை நீட்டிக்கொண்டே போனது. மெசேஜ் வந்திருக்கும், யார் படித்தார்கள்? ஒருநாள் பார்த்தால் எனக்கு 62 வயது வரை கடன். கம்பெனியில் 58-ல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. அதைத் தெரிந்துகொண்டு போய்த் தவணையை 2,000 கூட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வீட்டில் பிரியாணி மாதம் ஒருமுறை ஆகிவிட்டது. ஆம்பூரில் பிறந்தவனுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்?

முன்னாள் ராணுவம், கணியம்பாடி பக்கம்

டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. ஓய்வு பெற்றபோது வந்த மொத்தப் பணத்தையும் வீட்டுக் கடனில் போட்டேன். கடனே இல்லாமல் தூங்க வேண்டும் என்ற வெறி. எண்பது சதவீதம் அடைந்துவிட்டது. நான்காவது மாதம் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, போர்வெல்லும் வற்றியது. கையில் பணமில்லை. கட்டின பணத்தை வங்கி திருப்பித் தருமா? மனைவியின் நகையை வைத்தேன். அதற்கு வீட்டுக் கடனைவிட அதிக வட்டி. கட்டிய மகிழ்ச்சி நான்கு மாதம்தான்.

ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். என் ஊர்ப் பையன்கள் யார் ஓய்வு பெற்று வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

குடியாத்தம்

நான் வீட்டுக் கடன் இல்லை, குழுக் கடன். படிக்கலாமா என்று யோசித்தேன், அப்புறம் எழுதவும் தோன்றிவிட்டது. எங்கள் தெருவில் பெண்கள் பெரும்பாலும் பீடி, தறி, தீப்பெட்டி வேலை. எனக்கு நான்கு இடத்தில் குழுக் கடன், திங்கள் ஒன்று, புதன் இரண்டு, வெள்ளி ஒன்று. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்தேன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அந்த அவமானத்துக்குப் பயந்தே ஓடினேன். வட்டிக் கணக்குப் பார்க்காமல் சின்னதாக இருந்ததை முதலில் முடித்தேன். புதன்கிழமை வரும் இருவரில் ஒருவர் வாசலில் வந்து நிற்பது நின்றது. அந்த ஒரு நிம்மதி எனக்குப் போதுமானதாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை முடித்தேன். இன்னும் ஒன்று பாக்கி. கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குள் முடித்துவிடுவேன்.

பெயர் வேண்டாம்

6 லட்சம் கையில் இருந்தது. வீட்டுக் கடனில் கட்டலாம் என்று வங்கி வாசல்வரை போனவன் நான். லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் தருகிறார்கள் என்று ஒரு நிதி நிறுவனத்தில் மச்சான் போட்டிருந்தான். மாதம் 48,000 வந்தால் ஒன்றரை வருடத்தில் வீடே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதம் வந்தது. 2022-ல் கதவு பூட்டப்பட்டது. புகார் கொடுத்த ரசீது பத்திரமாக இருக்கிறது. வீட்டுக் கடன் தவணையும் போய்க்கொண்டிருக்கிறது. மச்சானோடு பேச்சில்லை. அவனும் பாவம்.

காட்பாடி காந்தி நகர்

கடனை முன்கூட்டி அடைத்தால் வருமான வரிச் சலுகை போய்விடும் என்று என் ஆடிட்டர் நண்பர் பயமுறுத்துகிறார். டீச்சர், நீங்கள் அதை யோசிக்கவில்லையா? அப்புறம், பத்திரம் கைக்கு வர எவ்வளவு நாள் ஆனது? நாளைக் காலையில் நான் ஒன்றரை லட்சம் கட்டப் போகிறேன், கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

சத்துவாச்சாரி டீச்சர்

பெயர் வேண்டாம் என்று எழுதிய தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு இப்படி.

ராணுவ அண்ணா, நீங்கள் சொன்னது சரி. நாங்கள் தப்பித்தது டியூஷன் பணம் மாதா மாதம் வந்ததால்தான். கொரோனாவில் மாடி அறை காலியானபோது கூடுதல் பணம் கட்டுவதை நிறுத்தி, வருவதைக் கையிலேயே வைத்துக்கொண்டோம். அதை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன்.

காந்தி நகர் தம்பி, வரி விஷயம் எளிது. 20 சதவீத வரம்பில் இருந்தால், ஒரு லட்சம் வட்டி கட்டி 20,800 வரி மிச்சம் செய்வாய். மீதி 79,200 வட்டியாகப் போனது போனதுதான். புதிய வரி முறைக்கு மாறியிருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

பத்திரம் எங்களுக்குப் பத்தொன்பதாம் நாள் வந்தது. கடனை முடித்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பத்திரம் வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதே. நான் இருந்தேன். இரண்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டால் அடமானம் அப்படியே நிற்கிறது. வங்கிக்காரரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ரசீது பதிவு செய்த பிறகுதான் கடன் தீர்ந்த விவரம் வில்லங்கத்தில் ஏறியது.

கடிதம் இப்படி எழுது: "இத்துடன் செலுத்தும் 1,50,000 ரூபாயை வீட்டுக் கடனின் அசலில் வரவு வைக்கவும். வரும் தவணைகளுக்கான முன்பணமாகக் கொள்ள வேண்டாம். மாதத் தவணைத் தொகையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்து, புதிய தவணை அட்டவணை தரவும்." கடன் எண்ணும் தேதியும் போடு. இரண்டு பிரதி எடுத்துப் போ, உன் பிரதியில் சீல் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதே. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போய்விடு.