பொருளடக்கத்தைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போகணும்: நான் பட்ட பாடு, நீங்கள் பட்டது என்ன?

எங்கள் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர்க்கோயில் வரலாற்றை 212 பக்கம் அவரே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். "சின்னவன் போன்லதான் படிப்பானாம், தலைப்பைத் தொட்டா அங்க போகணும், செஞ்சு குடுடா" என்றார். பத்து நிமிட வேலைதானே என்று உட்கார்ந்தேன்.

வேர்டில் தலைப்பைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தினால் ஹெடிங் 1 என்ற தலைப்பு ஸ்டைல் வரும், அப்படி வைத்த தலைப்புகளிலிருந்துதான் வேர்ட் பொருளடக்கத்தை உருவாக்கும். அழுத்தியதும் எழுத்துரு மாறி, 'அம்மன் சந்நிதி' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிட்டது. பாமினியில் நம் கண்ணுக்குத்தான் அது 'அ', கணினிக்கு அது ஆங்கில 'எம்'. மெய்யெழுத்தின் புள்ளி வெறும் அரைப்புள்ளி. சரி, ஹெடிங் ஸ்டைலிலேயே பாமினியை வைத்தேன். தலைப்பு தேறியது, பொருளடக்கம் கெட்டது, ஏனென்றால் அதற்கு டிஓசி 1, டிஓசி 2 என்று தனி ஸ்டைல் இருக்கிறது. அங்கேயும் போய் மாற்றினேன். அப்புறம் பிடிஎஃப் எடுத்தால், ஓரத்தில் வரும் புக்மார்க் பட்டியலில் மறுபடி அதே குப்பை, அங்கே எழுத்துருவை மாற்ற இடமே இல்லை.

கடைசியில் முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு, அதாவது கணினிக்கும் தமிழ் எழுத்தாகவே தெரியும் முறைக்கு, மாற்றினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஆனால் அவர் நடுநடுவே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களும் சேர்ந்து மாறி, வாயில் நுழையாத தமிழாக நின்றன. அதைக் கையால் திருத்தவே இரண்டு ராத்திரி போச்சு.

*

எனக்கு ஆய்வேட்டில் நடந்தது வேறு கதை. வேர்டில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் இயலுக்கு இயல் தாவுகிறது, பிடிஎஃபில் அசையவே இல்லை. நெறியாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். நான் செய்த தப்பு, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் இருந்த பிடிஎஃபைத் தேர்ந்தெடுத்தது. அந்த வழியில் போனால் காகிதத்தில் அச்சடித்த மாதிரி வெறும் பக்கம்தான் மிஞ்சுகிறது, இணைப்பெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. சேவ் ஆஸ் வழியாக பிடிஎஃப் எடுத்த பிறகுதான் வேலை செய்தது. ஆப்ஷன்ஸில் ஹெடிங்குகளை வைத்து புக்மார்க் உருவாக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டதால் ஓரத்தில் புக்மார்க் பட்டியலும் வந்தது.

இன்னொன்று, பொருளடக்கம் தானாக மாறாது. நடுவில் நாலு பக்கம் சேர்த்துவிட்டு, பொருளடக்கத்தைப் புதுப்பிக்கும் எஃப் 9 விசையை அழுத்த மறந்தேன், பைண்டிங் ஆன பிரதியில் மூன்றாம் இயலிலிருந்து எல்லாப் பக்க எண்ணும் தப்பு.

*

மேலே பெரியப்பா கதை எழுதியவன்தான். நேற்று அவர் போனிலேயே திறந்து காட்டினேன். 'தேர்த் திருவிழா' என்ற வரியைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தொட்டார், போய் நின்றது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உடனே, "சரி, திரும்ப எப்படிடா வர்றது?" என்றார்.

இப்போது 'பொருளடக்கம்' என்ற தலைப்பில், இணைப்பு வந்து நிற்கும் அடையாளமாக, வேர்டிலேயே ஒரு புக்மார்க் வைத்து, ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் 'மேலே போக' என்று அதற்கு ஒரு இணைப்பு போட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 31 அத்தியாயம், இன்னும் பாதிகூட ஆகவில்லை.