எது கேனன் (தொடரின் 'உண்மையான' கதையாக ஏற்கப்படுவது)? ரசிகர் விக்கிக்கு விதி எழுத உதவி தேவை

நூற்கண்டு:
ஒரு கற்பனைத் தொடருக்கு மூன்று பேர் சேர்ந்து விக்கி தொடங்குகிறோம். கைவசம் 5 நாவல், அவற்றை வைத்து எடுத்த 2 சீசன் டிவி தொடர், ஒரு கேம், படங்களோடு வந்த வழிகாட்டி நூல், போதாததற்கு ஆசிரியர் பேட்டிகளிலும் சமூக ஊடகத்திலும் சொன்னவை. எல்லாம் ஒன்றோடொன்று முட்டுகின்றன. முதல் நாவலில் போர் 12 ஆண்டு, வழிகாட்டியில் 10. டிவியில் செத்துப்போன தளபதி 4ஆம் நாவலில் உயிரோடு வருகிறார். கேமில் ஆடுபவரின் தேர்வுக்கேற்ப முடிவே மாறுகிறது. எதற்கு மேல் எதை வைப்பது?

ஏட்டுப்பூச்சி:
முதலில் உரிமையாளர் ஏதாவது அறிவித்திருக்கிறாரா பாருங்கள். ஸ்டார் வார்ஸுக்கு 2000 வாக்கில் தொடங்கிய ஹோலோகிரான் என்ற தரவுத்தளத்தில் ஜி, டி, சி, எஸ், என் என்று அடுக்குகளே இருந்தன. படங்களுக்கு ஜி, டிவிக்கு டி, நாவலுக்கும் காமிக்ஸுக்கும் சி. 2014 ஏப்ரலில் அந்த அடுக்கு முறையையே கைவிட்டு, பழைய நாவல்களை 'லெஜெண்ட்ஸ்' என்று தனியே ஒதுக்கிவிட்டார்கள். ஆக, இன்றைய விதி நாளை மாறும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூலம் குறித்திருந்தால், மாறும் நாளில் வாக்கியங்களை இடம் மாற்றினால் போதும். நாலு மூலத்தைக் கலந்து ஒரே பத்தியாகக் குழைத்திருந்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது.

அறிவிப்பு இல்லையென்றால் 'அதிகாரபூர்வ கேனன்' என்று எழுதாதீர்கள். 'இந்த விக்கியின் விதி' என்றே போடுங்கள். 'டாக்டர் ஹூ' என்ற டிவி தொடருக்கு அதைத் தயாரிக்கும் பிபிசி இதுவரை அப்படியொரு பட்டியல் போட்டதில்லை, ரசிகர்கள் சண்டையும் ஓயவில்லை.

புடைநூல்:
இதற்கு நன்னூலிலேயே வழி இருக்கிறது: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல் முதல்நூலின் முடிவை ஒத்துக்கொண்டு, தன் வேறுபாடுகளைச் சேர்க்கும். சார்புநூல் கொஞ்சம்தான் ஒத்துப்போகும், மற்றதில் வேறு வழி. உங்கள் வழிகாட்டி வழிநூல். தளபதியைக் கொன்றுவிட்ட டிவி தொடர் சார்புநூல்தான், நாவலை ஒட்டி எடுத்திருந்தாலும்.

எனவே டிவியை நாவலுக்குக் 'கீழே' வைக்காதீர்கள், பக்கத்தில் வையுங்கள். தளபதி பக்கத்தில் 'நாவல்', 'டிவி' என்று இரண்டு தாவல் (டேப்) போட்டால் முரணே இல்லை, இரண்டும் வேறு வேறு உலகம். மேல் கீழ் அடுக்கு என்பது ஒரே உலகத்தைச் சொல்லும் நூல்களுக்குள் மட்டும்.

12க்கும் 10க்கும் வருவோம். எண்ணைப் பார்க்கும் முன் அதைச் சொல்வது யார் என்று பாருங்கள். கதைசொல்லியின் வரியா, ஒரு பாத்திரத்தின் பேச்சா? கிழட்டுச் சிப்பாய் ஒருவன் 12 என்றால், அவன் அப்படிச் சொன்னான் என்பது மட்டும்தான் உறுதி. அடுத்தது பாடபேதம், அதாவது பதிப்புக்குப் பதிப்பு வரும் மாற்றம்: எந்தப் பதிப்பு? 'தி ஹாபிட்' 1937இல் வந்தது. மோதிரம் கதைநாயகன் பில்போ கைக்கு வரும் அத்தியாயத்தை ஆசிரியர் டோல்கியன் 1951 பதிப்பில் மாற்றி எழுதினார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று பிந்தைய நாவலில் கணக்கும் தீர்த்துவிட்டார். பதிப்பு ஆண்டில்லாமல் பக்க எண் மட்டும் கொடுத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மொழிபெயர்ப்பை வைத்து எழுதுவதானால் எண்களையும் உறவுமுறைகளையும் மூலமொழியில் சரிபாருங்கள்.

வழிகாட்டியின் படங்களும் நம்பத்தக்கவை அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸின் அந்தப் புகழ்பெற்ற 'டீர்ஸ்டாக்கர்' தொப்பியின் பெயர் கதைகளில் எங்கும் கிடையாது. வரைந்து நிலைநிறுத்தியவர் ஓவியர் சிட்னி பேஜட்.

நூற்கண்டு:
மூல நாவலில் தேடினேன். 12 கதைசொல்லியின் வரிதான், எல்லாப் பதிப்பிலும் அதேதான். ஒரு நண்பர் "சண்டை 10 ஆண்டு, பேச்சுவார்த்தை 2 ஆண்டு" என்று விளக்கம் எழுதலாம் என்கிறார்.

புடைநூல்:
வேண்டவே வேண்டாம், அது இடைச்செருகல். '12 ஆண்டு (நாவல் 1)' என்று கட்டுரையின் உடலில் எழுதி, வழிகாட்டி 10 என்பதை அடிக்குறிப்பில் தள்ளுங்கள். ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குக் குண்டு பட்டது 1887 நாவலில் தோளில், 1890 நாவலில் காலில். ரசிகர்கள் நூறு விளக்கம் சொல்லிவிட்டார்கள், ஒன்றுகூட ஆசிரியர் டாயில் எழுதியதில்லை. ஸ்டார் டிரெக்கில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் நெற்றி 1979 படத்தில் திடீரென்று மேடுபள்ளமானதே, அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வந்தது 2005இல். அதுவரை ரசிகர் எழுதியதெல்லாம் ஊகம்தான்.

கடைசிப்பக்கம்:
ஆசிரியர் பேட்டி விஷயத்தில் கறாராக இருங்கள். நூல் பேசாத இடத்தில் ஆசிரியர் கூற்றை ஏற்கலாம், ஆனால் தேதியோடு தனிப் பிரிவில். நூலுக்கு எதிராக இருந்தால் நூல்தான். ஹாரி பாட்டரில் வரும் டம்பிள்டோர் தன்பால் ஈர்ப்புள்ளவர் என்று ஆசிரியர் ரௌலிங் சொன்னது 2007இல், 7 நூல்களும் வந்தபின். அது முரண் இல்லை, ஆனால் 'நூலில் இருக்கிறது' என்று எழுதினால் தவறு. பக்கத்தின் ஓரத்தில் வரும் சுருக்கத் தகவல் பெட்டியில் மட்டும் பேட்டிச் செய்தியை ஏற்றவே கூடாது, அங்கே மூலத்தை யாரும் பார்ப்பதில்லை.

கேமில் வருபவற்றை மூன்றாகப் பிரியுங்கள். எந்தத் தேர்வு செய்தாலும் நடப்பவை நேரே பக்கத்துக்கு. தேர்வால் மாறுபவை 'இப்படித் தேர்ந்தால் இது' என்று அட்டவணையில். அடுத்த கேம் ஒரு முடிவை எடுத்துக்கொண்டால் அந்த வரியில் குறித்தால் போதும். உயிர்ப்புள்ளி, கடை விலை, செத்துச் செத்துப் பிழைப்பது எல்லாம் விளையாட்டுக்கான ஏற்பாடு, சான்று ஆகாது. வசனமும் இடைக்காட்சியும் சான்று. கேம் நாவலின் உலகம்தானா, டிவியின் உலகமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூன்றாவது தாவல்.

நூற்கண்டு:
டிவி தளபதியின் உருவம்தான் கேமில். ஆனால் கதை 4ஆம் நாவலுக்குப் பிறகு நடக்கிறது, தளபதி உயிரோடு.

கடைசிப்பக்கம்:
முகம் நடிகருடையது, அவ்வளவே. நிகழ்வுகள் எதோடு ஒத்துப்போகின்றனவோ அந்தத் தாவல்: நாவலில் போடுங்கள். படத்தின் கீழே மட்டும் 'தோற்றம் டிவியிலிருந்து' என்று ஒரு வரி.