கைலாசாவுக்கு ஒன்பது ஆதார்

குழு: கீழத்தெரு வீடு

போளூர்ப் பெரியப்பா (காலை 5:48): ஃபார்வர்டு: கைலாசா நாட்டுக்கு இலவச விசா! மூன்று நாள் தங்கலாம், சாப்பாடும் இலவசம். குடும்பமாக விண்ணப்பித்தால் முன்னுரிமை. ஆதார் நகலைக் கீழே உள்ள எண்ணுக்கு அனுப்பவும்.

போளூர்ப் பெரியப்பா: நம் வீட்டில் ஒன்பது பேர். எல்லோரும் நகலை இங்கேயே போடுங்கள். வியாழன் கடைசி நாள்.

திருவண்ணாமலை அத்தை: எங்கே போகிறீர்கள் அண்ணா?

சித்தப்பா: கைலாசத்துக்கு. அதற்குள் என்ன அவசரமோ

பெரியம்மா: விடியற்காலையில் நல்ல வார்த்தை பேசுங்கள்

பெங்களூர் அண்ணன்: யாரும் ஆதாரைப் போட வேண்டாம். அப்பா, அந்த எண் யாருடையது என்றே தெரியாது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நித்யானந்தா நாட்டை விட்டுப் போய்விட்டார் என்று 2019 கடைசியில் செய்தி வந்தது. இங்கே அவர் மேல் வழக்குகள் இருந்தன. அப்புறம் கைலாசா என்று வலைத்தளம், கொடி, பாஸ்போர்ட் எல்லாம் வந்தன. ஈக்வடார் பக்கம் தீவு வாங்கிவிட்டார் என்றார்கள். அடைக்கலமும் கொடுக்கவில்லை, நிலம் வாங்க உதவவும் இல்லை என்று அந்த நாடு மறுத்துவிட்டது. நாடு என்றால் 1933 மான்டிவிடியோ ஒப்பந்தப்படி நான்கு இருக்க வேண்டும். நிலையான மக்கள், எல்லை உள்ள நிலம், அரசு, மற்ற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி. இதில் இரண்டாவதுதான்

சித்தப்பா: 'மேலும் வாசி' வரைதான் படித்தேன்

அத்தை: நானும்

பெரியப்பா: நித்யானந்தா நம் ஊர்ப் பிள்ளை. சாமியாராகும் முன் ராஜசேகரனாக இருந்தபோதே என் மைத்துனன் பார்த்திருக்கிறான்.

அத்தை: இங்கே சாமியாரைப் பார்க்காமல் பால் வாங்கிவர முடியுமா அண்ணா

மதுரைச் சித்தி: 2012-ல் எங்கள் ஊர் ஆதீனத்துக்கு 293-வது பட்டம் என்று அவரைத்தானே அறிவித்தார்கள். அக்டோபரில் இல்லை என்றாகிவிட்டது

பெரியப்பா: ஐ.நா. சபையிலேயே பேசினார்கள். வீடியோ இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் ஊரே ஒப்பந்தம் போட்டது.

பெங்களூர் அண்ணன்: ஜெனீவா, பிப்ரவரி 2023. பொதுமக்களுக்கும் திறந்திருந்த கூட்டம் அது. அவர்கள் கொடுத்ததைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று ஐ.நா. தரப்பிலேயே சொன்னார்கள். அந்த அமெரிக்க ஊர் நியூவார்க். ஜனவரி 12-ல் கையெழுத்து, 18-ல் ரத்து. பராகுவேயில் கைலாசாவோடு கையெழுத்துப் போட்ட வேளாண் அமைச்சக அதிகாரிக்கு வேலையே போயிற்று.

சித்தப்பா: படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அப்படித்தான். நம் வீட்டிலும் ஒருவர் போட்டார்

பெரியம்மா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

அத்தை: அந்தப் பத்திர நகல் இப்போது யாரிடம்?

பெங்களூர் அண்ணன்: பொலிவியாவில் பவுரே பழங்குடியினரிடம் நிலம் குத்தகைக்குப் பேசியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வந்த ஒப்பந்தத்தில் 1000 வருடம், தலைக்கு மேலே இருக்கும் வான்வெளி உட்பட. விஷயம் வெளியே வந்ததும் 2025-ல் கைலாசா ஆட்கள் 20 பேரை நாட்டை விட்டு அனுப்பினார்கள்.

சித்தப்பா: 1000 வருடம்! கிணற்றங்கரையை எனக்கு மூன்று வருடத்துக்கு மேல் தர மாட்டேன் என்றவர்தான் அங்கே போக விசா கேட்கிறார்

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். 19-ஆம் தேதி அம்மாவின் வருடத் திதி. வேன் 12 சீட்டா, 17 சீட்டா?

பெரியப்பா: 19-ஆ? விசா அந்த வாரமே வந்துவிட்டால்?

பெரியம்மா: பெற்றவளுக்குத் திதி கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள்

நான்: பெரியப்பா, 2020 டிசம்பரில் விசா அறிவித்தபோதும் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் விமானம் என்றார்கள். முதலில் அங்கே போக விசா வேண்டும்.

சித்தப்பா: போளூரிலிருந்து நேர் பஸ் இல்லையா

பெரியப்பா: கிண்டல் செய். நானாவது நம்புகிறேன்.

சித்தப்பா: 2025 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார் என்று இதே குழுவில் இரங்கல் போட்டது யார்? தங்கச்சி விளக்கே ஏற்றிவிட்டாள். நன்றாக இருக்கிறார் என்று அவர்கள் மறுத்த பிறகுதான் நீக்கினீர்கள்

அத்தை: அது மின்வெட்டுக்கு ஏற்றிய விளக்கு

மதுரைச் சித்தி: 2020-ல் பிள்ளையார் சதுர்த்திக்குத் தங்கக் காசு வெளியிட்டார்களே, அதை விற்கிறார்களா? பவுன் விற்கிற விலையில்

பெங்களூர் அண்ணன்: சித்தி!

மதுரைச் சித்தி: சும்மா கேட்டேன்

அத்தை: வேன்?

சித்தப்பா: 12

பெரியம்மா: சம்பந்தி வீட்டார் வந்தால்?

சித்தப்பா: அப்போது 17. அவர்கள் வருகிறார்களா?

பெரியம்மா: கேட்க வேண்டும்

போளூர்ப் பெரியப்பா ஒரு செய்தியை நீக்கினார்.

பெங்களூர் அண்ணன்: அப்பா, என்ன போட்டீர்கள்?

பெரியப்பா: ஒன்றுமில்லை. தவறி இங்கே வந்துவிட்டது. அந்த எண்ணுக்குச் சரியாகப் போய்விட்டது.

பெங்களூர் அண்ணன்: எது போய்விட்டது??

பெரியப்பா: ஒரே ஓர் ஆதார்தான். என்னுடையது படத்தில் மங்கலாக விழுந்தது. பீரோவில் இருந்த இன்னொன்றைப் போட்டேன்.

நான்: அது யாருடையது பெரியப்பா?

பெரியப்பா: கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

பெரியம்மா: பீரோவில் எந்தத் தட்டு?