சேந்த் மரியிலிருந்து சேன் தெனிக்கு: 450 யூரோ கியர் சைக்கிளா, லீஸில் எலெக்ட்ரிக் சைக்கிளா?

புதுச்சவாரி

வணக்கம். பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருப்பவர்கள் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும். வீடு சேந்த் மரியில், கடலுக்குப் பக்கம். வேலை சேன் தெனியில், பராஷுவா கடலோரப் பகுதியை ஒட்டி. ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர் போல வரும். காலை நெரிசலில் கார் நகர்வதே இல்லை.

எங்கள் கம்பெனி இந்த ஆண்டு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, ஃபோர்ஃபே மொபிலிதே துரப்ள். வேலைக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு முதலாளி வரி பிடிக்காமல் ஒரு தொகை கொடுக்கலாம் என்று பிரான்சில் 2019 கடைசியில் சட்டம் வந்ததே, அதுதான். தனியார் கம்பெனிக்கு இது கட்டாயமில்லை, தொகையையும் அவர்களே முடிவு செய்வார்கள். எங்களுக்கு ஆண்டுக்கு 300 யூரோ. சைக்கிள் என் சொந்தக் காசில் வாங்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனி மூன்று ஆண்டு லீஸில் எலெக்ட்ரிக் சைக்கிள் எடுத்துத் தரும். வாடகையில் பாதி என் பங்கு, மாதம் 40 யூரோ. அதை எடுத்தால் 300 கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கையில் இருப்பது 500, கொஞ்சம் இழுத்தால் 550.

பட்டறை

தம்பி, உங்கள் வழிக்கு எலெக்ட்ரிக் தேவையே இல்லை. சேந்த் மரியிலிருந்து விமான நிலையத்தைத் தாண்டி பராஷுவா வரை கடலோரமாகவே பாதை இருக்கிறது, மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. எலெக்ட்ரிக் சைக்கிளின் மோட்டார் சட்டப்படி 250 வாட். 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவியை நிறுத்திவிடும். சமதளத்தில் சாதாரண உடம்புக்காரர் தானாகவே 18, 20 போவார். மிச்சம் இருக்கும் அந்த ஐந்துக்கு நீங்கள் மூன்று ஆண்டில் 1,440 யூரோ கட்டப் போகிறீர்கள். கடைசியில் சைக்கிளும் உங்களுடையது இல்லை.

இந்தப் பக்கம் பாருங்கள். சைக்கிள் 450. பூட்டு, விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து 100. செயின், பிரேக் கட்டை, டயர் என்று ஆண்டுக்கு 60 போட்டால் மூன்று ஆண்டுக்கு 180. மொத்தம் 730. கம்பெனி தருவது 900. சைக்கிள் உங்களிடமே இருக்கும்.

மேட்டுவீடு

பட்டறை அண்ணா கணக்கில் காற்று இல்லை. மே முதல் அக்டோபர் வரை இங்கே தென்கிழக்குக் காற்று அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். காலையில் அது அடங்கிக் கிடக்கும், அடித்தாலும் முதுகில் தள்ளும். மாலையில்தான் வேடிக்கை இல்லாத பகுதி: சேன் தெனியிலிருந்து கிழக்கே திரும்பும்போது நேராக நெஞ்சில் மோதும், அதுவும் மறைப்பே இல்லாத கடலோரத்தில். எட்டு மணி நேரம் வேலை பார்த்த உடம்பு அது. அப்போது 18 இல்லை, 11, 12 போனால் பெரிது.

ஜனவரி, பிப்ரவரி வேறு கதை, இங்கே அது கோடை. காலை ஏழு மணிக்கே வியர்வை ஊற்றும். உங்கள் அலுவலகத்தில் குளிக்க வசதி உண்டா? இல்லையென்றால் மோட்டார் ஆடம்பரம் இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 900 யூரோ தானாக வராது, ஓட்டினால்தான் வரும். ஆகஸ்டில் அலுத்துப்போய்க் காருக்குத் திரும்பினால் அந்தக் கணக்கு முழுக்கச் சரிந்துவிடும். தினமும் ஏறத் தோன்றுகிற வண்டிதான் மலிவான வண்டி.

வாத்தியாரம்மா

நான் அரசுப் பள்ளி, அதனால் எங்களுக்கு விதி வேறு: ஆண்டில் 30 முதல் 59 நாள் சைக்கிளில் வந்தால் 100 யூரோ, 60 முதல் 99 வரை 200, 100 நாளோ அதற்கு மேலோ என்றால் 300. டிசம்பர் 31க்குள் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். பஸ் அட்டைக்குத் தரும் 75 சதவீதப் பணத்தோடு இதையும் வாங்கலாம். தனியாரில் இப்படி நாள் கணக்கு வைத்திருக்கிறார்களா, மாதக்கணக்கா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தம்பி, முதலில் அதை எழுத்தில் வாங்குங்கள். மேட்டுவீடு சொல்லும் பயம் பாதி அங்கேயே தீரும். 100 நாள் போதும் என்றால், காற்று கடுமையான நாட்களில் பஸ்ஸில் போனாலும் முழுத் தொகை கிடைக்கும்.

காற்றைப் பற்றி: கியரைக் குறைத்துக்கொண்டு, உடம்பைச் சற்றுத் தாழ்த்தி மெதுவாகப் போனால் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, அதே பாதையில்தான் போகிறேன். வேகமாகப் போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டால் மாலைக் காற்று கொல்லாது.

மேட்டுவீடு

அக்கா, உங்கள் உடம்பு உங்களுக்கு ஒத்துழைக்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவன் நான். மோட்டார் இல்லாவிட்டால் சைக்கிளே கிடையாது என்ற நிலையில் இருக்கிறேன். "மெதுவாகப் போனால் சரி" என்பதை எல்லாருக்கும் பொது விதியாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

காரைக்காலான்

லண்டனில் என் தங்கை வீட்டுக்காரர் வாங்கியதுபோல் இங்கே ஏன் இல்லை? அங்கே 1999லிருந்து திட்டம் இருக்கிறது. கம்பெனி சைக்கிள் வாங்கிக் கொடுத்து, வரி போடுவதற்கு முன்பே சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. கையில் காசு இல்லாதவருக்கு அதுதானே நல்லது?

வாத்தியாரம்மா

அதில் வரி அதிகம் கட்டுகிறவருக்குத்தான் லாபம் அதிகம். குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவரால் சேரவே முடியாது, ஏனென்றால் பிடித்த பிறகு சம்பளம் அந்தக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது சட்டம். இங்கே துப்புரவு வேலை செய்கிறவரும் மேலாளரும் ஒரே 300 வாங்குகிறார்கள். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

பட்டறை

முழங்கால் பிரச்சினை உள்ளவருக்கு எலெக்ட்ரிக் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கேட்ட தம்பிக்கு அப்படி எதுவும் இல்லையே.

பேட்டரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் 300 முதல் 600 வாட்-அவர். பயணிகள் விமானத்தில் 160க்கு மேல் அனுமதி இல்லை. பாரிஸிலிருந்து வரும் மச்சானிடம் பெட்டியில் வைத்து எடுத்து வரச் சொல்ல முடியாது, கப்பலில்தான் வர வேண்டும். இங்கே மதிப்புக் கூட்டு வரி 8.5 சதவீதம்தான், பிரான்சில் 20. ஆனாலும் கப்பல் கூலியும், தீவுக்கு வரும் பொருளுக்கு வாங்கும் ஒக்த்ருவா த மேர் வரியும் சேர்ந்து பொருள் விலை ஏறிவிடும். சாதாரண சைக்கிளுக்குச் செயினும் டியூபும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

மேட்டுவீடு

அது சொந்தமாக வாங்குகிறவர் தலைவலி. லீஸில் பேட்டரி போனால் மாற்ற வேண்டியது லீஸ் கொடுத்தவர். மாதம் 40க்குள் சர்வீஸும் அடக்கம் என்றால் பட்டறை அண்ணா போட்ட 180 போன்ற செலவு லீஸ் பக்கம் கிடையாது. புதுச்சவாரி, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

புதுச்சவாரி

பார்த்தேன். சர்வீஸ், பேட்டரி இரண்டும் அடக்கம். திருடு போனால் முதல் 250 யூரோ என் பொறுப்பு. இடையில் வேலையை விட்டால் மீதி மாதங்களுக்கு என்ன என்று தெளிவாக இல்லை, கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் குளியலறை உண்டு.

ஒரு சிக்கலைச் சொல்லாமல் விட்டேன். அடுத்த ஆண்டு கல்யாணம். பெண் வீட்டார் புவா த நெஃப்லில் இருக்கிறார்கள், நாங்களும் அந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று பேச்சு.

மேட்டுவீடு

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் விவாதமே வேண்டாம். புவா த நெஃப்ல் மலை மேல். அந்த ஏற்றத்தைத் தினமும் 450 யூரோ சைக்கிளில் ஏறச் சொல்வது கொடுமை. லீஸ் எடுங்கள்.

கடலோரம்

ஏன் ஏற வேண்டும்? சேன் தெனியின் ஷோத்ரோன் பகுதியிலிருந்து புவா த நெஃப்லுக்கு 2022லிருந்து பாப்பாங் கேபிள் கார் ஓடுகிறதே. சைக்கிளைக் கீழே ஷோத்ரோனில் பூட்டிவிட்டு மேலே போகட்டும். ஷோத்ரோனிலிருந்து பராஷுவா வரை சமதளம்தான்.

மேட்டுவீடு

இரவு முழுக்கத் தெருவிலா? காலையில் வந்து பார்த்தால் சக்கரம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கடலோரம்

அதனால்தான் அங்கே விலை குறைந்த சைக்கிள் என்கிறேன். 2,000 யூரோ வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்க முடியாது. பழைய சைக்கிளும் பார்க்கலாம். 2021 ஜனவரியிலிருந்து கடையில் விற்கும் புதுச் சைக்கிளில் அடையாள எண் பொறிக்க வேண்டும், அதே ஆண்டு ஜூலையிலிருந்து கடையில் விற்கும் பழையதிலும். எண் இருந்தால் கேட்டு வாங்குங்கள், அழிக்கப்பட்டிருந்தால் தொடாதீர்கள். கடலோரத்தில் ஓடிய பழைய வண்டியில் ஸ்போக்ஸ் முனையையும் சீட் கம்பியையும் பாருங்கள். உப்பு அங்கேதான் முதலில் தின்னும். சீட் கம்பி இறுகி அசையாவிட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

பட்டறை

கடலோரம் சொல்வது சரி. புதிதாக வாங்கினால் நான் பார்ப்பது இவை. அலுமினிய ஃபிரேம். முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வேண்டவே வேண்டாம்: 450 யூரோ விலையில் வருவது கனமானது, உப்புக் காற்றில் சீக்கிரம் இறுகிவிடும், உங்கள் பாதைக்கு அதனால் பயனும் இல்லை. 38 முதல் 42 மில்லிமீட்டர் டயர் போட்டாலே அதிர்வு குறையும். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல் இருந்தால் எதிர்காற்றுக்குப் போதும். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் இருந்தால் மழையில் நன்றாகப் பிடிக்கும், நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

விளக்கில் சிக்கனம் வேண்டாம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. முன்னும் பின்னும் விளக்கு சட்டப்படி வேண்டும், ஊருக்கு வெளியே இருட்டில் போனால் ஒளிரும் மேலுடுப்பும் கட்டாயம்.

வாத்தியாரம்மா

இன்னும் முடிவாகாத வீட்டுக்காக இப்போதே மூன்று ஆண்டு லீஸில் கையெழுத்துப் போட வேண்டாம், தம்பி. இப்போது இருக்கும் வீட்டுக்கு வாங்குங்கள். மேலே குடிபோனால் அப்போது லீஸ் கேட்கலாம், திட்டம் அடுத்த ஆண்டும் இருக்குமா என்று மட்டும் விசாரியுங்கள்.

மேட்டுவீடு

அடுத்த ஆண்டு கம்பெனி லீஸை நிறுத்திவிட்டால்? இப்படிப்பட்ட சலுகைகள் வந்த வேகத்தில் போவதைப் பார்த்திருக்கிறோம். பிரான்ஸ் அரசே சைக்கிள் வாங்கக் கொடுத்த மானியத்தை 2025 பிப்ரவரியில் நிறுத்தவில்லையா? கிடைக்கும்போது எடுப்பதுதான் என் யோசனை, மாற்றிக்கொள்ள மாட்டேன்.

புதுச்சவாரி

அனைவருக்கும் நன்றி. இன்று பதில் வந்தது. இடையில் வேலையை விட்டால் மீதி வாடகையில் என் பங்கை மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். 300க்கு ஆண்டில் 80 நாள் போதும் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதனால் சொந்தச் சைக்கிள்தான் வாங்கப் போகிறேன். மேட்டுவீடு அண்ணா, வீடு மேலே அமைந்தால் உங்களிடம்தான் வருவேன்.

பட்டறை அண்ணா, என் உயரம் 168. கடையில் எஸ், எம் இரண்டு அளவும் எனக்குப் பொருந்தும் என்கிறார்கள். எது?

பட்டறை

இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் அடிநிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், இது சீட் உயரம், இரண்டிலும் சரிசெய்யலாம். ஹேண்டில் எட்டுவதுதான் சரிசெய்யக் கடினம். முழங்கை லேசாக மடங்கி, தோள் இறுகாமல் இருக்கிற அளவை எடுங்கள். சனிக்கிழமை காலை கடைக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.